காவலாளி அறையில் பிள்ளையார்

1

மாநிலக் கட்டட விதிகளின் கீழ் எங்கள் குடியிருப்புக்குக் கொடுத்த திட்ட அனுமதியில், பாதுகாப்பு என்ற தலைப்பில் உள்ள நிபந்தனை இது: நுழைவாயிலை ஒட்டிக் காவலாளிக்கு ஓர் அறை இருக்க வேண்டும், அந்த அறையோடு சேர்ந்து ஒரு கழிப்பறை இருக்க வேண்டும், வாசலைப் பார்த்தபடி கேமரா இருக்க வேண்டும், அந்த அறையை வேறு எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. ஈப்போவில் கட்டட வரைபடப் பிரிவில் காலமெல்லாம் உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். இதைவிடத் தெளிவாக என்னாலும் எழுதியிருக்க முடியாது.

அந்த அறையில் பிள்ளையார் இருக்கிறார். ஆனி மாதம் அவருக்கு முதலாம் ஆண்டு நிறைவு விழா நடந்தது. நாதஸ்வரம், சுண்டல், சர்க்கரைப் பொங்கல், இரண்டு தெருவுக்குக் கேட்கிற ஒலிபெருக்கி. விதிப்படி அந்த அறையில் இருக்க வேண்டிய தனம், வெளியே சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, விழாவுக்கு வந்தவர்களின் செருப்புகளுக்குக் காவல் இருந்தார். வெயிலுக்குத் தலையில் ஒரு துண்டு. பக்கத்தில் தண்ணீர் பாட்டில், மூடி திறக்காமல்.

அந்த பாட்டிலைப் பற்றித்தான் இந்தக் குறிப்புகள்.

2

மலேசியாவில் இருக்கும் நண்பர்கள், "சென்னைக்குப் போய்க் குடியேறிவிட்டாயே, எப்படி இருக்கிறது?" என்று கேட்கும்போது நான் சுருக்கமாக "வெயில்" என்று சொல்லிவிடுவேன். நீளமான பதில் இப்போதுதான் எழுதுகிறேன்.

என் மனைவி மல்லிகா மயிலாப்பூர்க்காரி. கல்யாணம் ஆகி ஈப்போவுக்கு வந்தவள், இந்தியக் கடவுச்சீட்டை விடவே இல்லை. நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையை வைத்துக்கொண்டே ஒரு வாழ்க்கையை அங்கே ஓட்டினாள். எந்த கவுண்டரில் நின்றாலும் அந்த அட்டையைப் பார்த்து, இரண்டாவது முறை அவள் முகத்தைப் பார்ப்பார்கள். இப்போது ஆட்டம் மாறிவிட்டது. இங்கே அவள் குடிமகள். நான் கவுண்டரில் இரண்டாம் பார்வை வாங்குகிறவன்.

அவளுடைய அப்பாவின் பழைய வீட்டை ஒரு கட்டுமானக்காரரிடம் கொடுத்தார்கள். வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி எழுந்தது. மல்லிகாவின் பங்குக்கு மூன்றாம் மாடியில் ஒரு வீடு. நாங்கள் ஈப்போவில் சாமான் கட்டிக்கொண்டிருந்தபோதே அதிகாரிகள் வந்து, அறை இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, கேமரா இருக்கிறது என்று பார்த்து, பணி நிறைவுச் சான்று கொடுத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு வாஸ்து பார்ப்பவர் வந்தார். ஈசானிய மூலையில் தெய்வம் இருந்தால் கட்டடத்துக்கு நல்லது என்றார். ஈசானிய மூலையில் இருந்தது காவலாளி அறை. அதற்கு வசதியாகக் கதவு கிழக்குப் பார்த்து இருந்தது. சான்று வாங்கியாகிவிட்டது, அறை காலியாக இருந்தது. பிள்ளையார் குடியேறினார். ஹோமம் வளர்த்து, கலச நீர் ஊற்றி, முறைப்படி.

கொஞ்ச நாள் கழித்துத்தான் ஒருவர் கண்டுபிடித்தார்: பிள்ளையாரின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவருக்கு மறுபக்கம் கழிப்பறை. கூட்டம் கூட்டினார்கள். வீட்டுக்காரர்கள் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை. லிஃப்டுக்கு என்ன நிறம் அடிப்பது என்பதற்கே இரண்டு கட்சி. இதில் மட்டும் ஒரே குரல். கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாயை அடைத்து, கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாமியின் குத்துவிளக்குகளையும் பந்தல் துணியையும் உள்ளே அடுக்கிவிட்டார்கள்.

ஆக, விதியில் இருப்பதெல்லாம் கட்டடத்திலும் இருக்கிறது. காவலாளிக்கு மட்டும் எதுவும் இல்லை.

3

குடிவந்த முதல் நாள் வாசலில் சீருடையில் நின்ற பெண்ணிடம், "நீங்கதான் இங்கே ஜாகாவா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காவலாளியை அப்படித்தான் சொல்வோம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஜாகையா? வாடகைக்கு எதுவும் காலி இல்ல சார், புரோக்கர கேளு" என்றார். மல்லிகா தலையிட்டு மொழிபெயர்த்தாள். மறுநாள் "பசியாறிட்டீங்களா?" என்று விசாரித்தேன். "ஏன் சார், என்னைப் பாத்தா பசியா கீற மாதிரி கீதா?" என்றார். எங்கள் ஊரில் அது காலை வணக்கம். இங்கே அது அன்னதானம்.

அவர்தான் தனம். ராயப்பேட்டைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். ஒரு பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஆள். காலையிலிருந்து இரவு வரை வாசல் அவர் பொறுப்பு. வருகிறவர்களை போனில் ஒரு செயலியில் பதிய வேண்டும். நாற்காலியை விட்டு நகர்ந்தால் அந்தச் செயலியே நிறுவனத்துக்குச் சொல்லிவிடும்.

அவர் தண்ணீர் குடிப்பதில்லை என்பதைக் கவனித்தது மல்லிகா. சித்திரை வெயிலில் ஒரு நாள் தனம் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். அரசு மருத்துவமனையில் காட்டிவிட்டு மறுநாள் வந்தவரிடம் மல்லிகா விசாரித்தாள்.

"சிறுநீர்ல கிருமியாம்மா. தண்ணி நெறைய குடின்னு டாக்டரம்மா திட்டிச்சு. இப்பிடியே உட்டா கிட்னில ஏறிடுமாம்."

"குடிக்க வேண்டியதுதானே?"

"குடிச்சா போவணும்ல? எங்க போறது? கேட்ட உட்டுட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்க்கினு வந்துகினு இருந்தா இந்த போனு போட்டுக் குடுத்துடும். காலைல வூட்ல போனா மறுபடி ராத்திரி வூட்லதான். ஒரு வாய் காபி குடிச்சாக்கூட பயம்."

"எங்க வீட்டுக்கு வாங்க."

வந்தார், இரண்டு முறை. மூன்றாம் மாடிக்கு வந்து திரும்புவதற்குள் செயலி போட்டுக் கொடுத்தது. வாசலில் ஆளில்லை என்று நிறுவனத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. இன்னொரு முறை என்றால் தாம்பரத்துக்கு அப்பால் எங்கோ மாற்றிவிடுவார்களாம். ராயப்பேட்டையிலிருந்து நடந்து வரக்கூடிய வேலை இது ஒன்றுதான். தனம் மறுபடியும் பாட்டிலை மூடிவிட்டார்.

4

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ரமணி, வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நடைமுறை தெரிந்தவர் என்று தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பவர். அப்படிப்பட்டவர் ஒரு கட்டடத்துக்கு ஒருவர்தான் இருக்க முடியும், இப்போது இருவர் இருக்கிறோம். திட்ட அனுமதியின் நகலோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

"சார், நீங்க சொல்றது ரூல் பிரகாரம் கரெக்ட். ஆனா ஸ்வாமிக்குப் பின்னாடி டாய்லெட்டை எப்படித் திறந்து விடறது? மனசு கேக்கலையே."

"அப்படியானால் சாமியை இடம் மாற்றலாமே."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் மலேசியாவிலிருந்து வந்தவன் என்பதற்கு மன்னிப்பு இருந்தது. குருக்களை போனில் பிடித்து ஒலிபெருக்கியில் போட்டார். குருக்கள் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இது: ஒருமுறை பிரதிஷ்டை ஆன சாமியை நாற்காலி மாதிரி நகர்த்த முடியாது. அவருடைய சக்தியைத் தற்காலிகமாக வேறிடத்தில் இறக்கிவைத்து, நல்ல நாள் பார்த்துப் புதிய இடத்தில் ஏற்ற வேண்டும். ஆடியில் கூடாது, புரட்டாசியில் யோசிக்க வேண்டும், மார்கழியில் பேச்சே இல்லை. புதிய இடமும் ஈசானிய மூலையாகவே இருக்க வேண்டும்.

"ஒரு கட்டடத்துக்கு எத்தனை ஈசானிய மூலை?" என்று கேட்டேன்.

"ஒண்ணுதான்" என்றார் குருக்கள், நான் புரிந்துகொண்டதில் திருப்தியாக.

அரசாங்கத்தின் நடைமுறைகள் எனக்குத் தெரியும். அவற்றை வளைக்கலாம், மேல்முறையீடு செய்யலாம், காத்திருந்து தோற்கடிக்கலாம். இது வேறு துறை. இங்கே மேலதிகாரி இல்லை.

கீழே வந்து தனத்திடம் நடந்ததைச் சொன்னேன். என் பக்கம் நிற்க வேண்டியவர் அவர் ஒருவர்தான். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இன்னா சார் நீ! என் மூத்திரத்துக்காக சாமிய நவுத்துவியா? பாவம் யாருக்கு, எனக்கா உனக்கா?"

"சாமியை விடுங்கள். பூட்டைத் திறக்கச் சொல்கிறேன்."

"தெறந்து உட்டாலும் நான் போவமாட்டேன். அவரு முதுகாண்ட உக்காந்து... அய்ய, சும்மா இரு சார். வேற எங்கியாச்சும் ஒரு மூலைல ஒண்ணு கட்டிக் குடு. அது போதும்."

இப்படியாக ஊரே ஒன்று கூடி என்னை வழிக்குக் கொண்டுவந்தது. வேறு மூலையில் ஒரு கழிப்பறை. ரமணியும் ஒத்துக்கொண்டார். "தாராளமா கட்டலாம் சார். அப்ரூவல் மட்டும் நீங்க வாங்கிண்டு வந்துடுங்கோ."

5

அனுமதி வாங்கக் கிளம்பினோம். கிளம்பினோம் என்று பன்மையில் சொல்லக் காரணம், வீடு மல்லிகாவின் பெயரில் இருக்கிறது. மனுவும் அவள் பெயரில்தான் போக வேண்டும். வாசகங்கள் என்னுடையவை, கையெழுத்து அவளுடையது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்பதற்கும் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது எனக்கு முன்பே தெரியும். ஆகவே அதையும் அவளே கேட்டாள், நான் பின்னால் நின்று முற்றுப்புள்ளி வைத்தேன்.

திட்ட அனுமதி அலுவலகத்தில் எங்கள் கட்டடத்தின் கோப்பைப் பார்க்கும் இளைஞர் மரியாதையானவர்தான். நான் அவர் நாற்காலியில் பல வருஷம் இருந்தவன், அதனால் அவர் செய்த எதற்கும் என்னால் முழுதாகக் கோபப்பட முடியவில்லை. அதுவே இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சுற்றிலும் விட வேண்டிய காலியிடத்தில் எதுவும் கட்டக் கூடாது சார். காவலாளி அறைக்கு மட்டும்தான் விலக்கு."

"நாங்கள் கேட்பதும் காவலாளிக்குத்தான்."

"ஒரு பில்டிங்குக்கு ஒண்ணுதான் சார். உங்களுக்கு ஏற்கெனவே குடுத்தாச்சே."

"அதில் பிள்ளையார் இருக்கிறார்."

"ரூம் இருக்கா, இல்லையா?"

"இருக்கிறது."

"டாய்லெட்?"

"இருக்கிறது. பூட்டியிருக்கிறது."

"அப்புறம் என்ன சார்? இருக்கறத இல்லன்னு நான் எப்படி எழுதறது?"

இரண்டாவது வேண்டுமானால் முதலாவது இல்லை என்று நிரூபிக்க வேண்டும். முதலாவது இல்லை என்றால் விதிமீறல். விதிமீறல் என்றால் நோட்டீஸ் கொடுத்து அறையை மீட்க வேண்டும். மீட்பது என்றால் பிள்ளையாரை அப்புறப்படுத்த வேண்டும். பிள்ளையார் என்ற சொல் வந்ததும் கோப்பு கோயில்களைக் கவனிக்கும் துறைக்குப் போனது. அங்கே மாதக்கணக்கில் இருந்துவிட்டு, இது தனியார் இடத்தில் உள்ள சாமி, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. நேரில் பார்த்து அறிக்கை தருமாறு யாருக்கோ எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். அந்த யாரோ எப்போது வருவார் என்று சொல்லும் வழக்கம் எந்த நாட்டிலும் இல்லை.

புதுக் குடியிருப்புகளின் பாதுகாப்பு விதிகளை நான் இரண்டு நாட்டிலும் படித்திருக்கிறேன். வாசலில் நுழைகிறவனைப் பற்றி எவ்வளவோ யோசித்திருக்கிறார்கள். அவன் முகம், அவன் வண்டி எண், அவன் எந்த வீட்டுக்குப் போகிறான், எல்லாம். வாசலிலேயே இருக்கிறவருக்கு ஓர் அறை கொடுத்துவிட்டு அத்தோடு மறந்துவிட்டார்கள். அந்த அறைக்குள் அவர் இருக்கிறாரா என்று கேட்க ஒரு வரி கூட இல்லை.

6

இந்த நேரத்தில்தான் எனக்கு அந்த எளிய யோசனை வந்தது. தனம் மேலே எங்கள் வீட்டுக்குப் போய் வரும் வரை நான் வாசலில் உட்கார்ந்துகொள்வது. போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனால் செயலிக்கும் வித்தியாசம் தெரியாது.

காலையில் பேப்பர் படித்து முடித்ததும் ஒருமுறை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை, மாலையில் ஒருமுறை. தனம் தண்ணீர் குடிக்கத் தொடங்கினார். முதலில் பயந்து பயந்து, பிறகு பாட்டிலை அண்ணாந்து. மேலே போனால் மல்லிகாவோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு, சில நாள் ஒரு காபியும் குடித்துவிட்டு வருவார். நான் கீழே பிள்ளையாருக்கு எதிரில் உட்கார்ந்திருப்பேன். இருவரில் அறை கிடைத்தவர் அவர்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் இந்த ஊர் என்னிடம் இயல்பாகப் பேசியது. "நைனா, 2பி ல யாரு? போன எடுக்க மாட்டேங்கறாங்க." "பெருசு, பார்சல வச்சிட்டுப் போறேன், பாத்துக்க." தண்ணீர் லாரிக்காரர் ஒருவர் என் சட்டையைப் பார்த்துவிட்டு, "யூனிபாரம் குடுக்கலியா? அதெல்லாம் கேட்டு வாங்கணும் மாமா" என்று உரிமைக் குரல் எழுப்பினார்.

ரமணி பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு நாள் சட்டத்தோடு வந்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்கோ. தனியார் பாதுகாப்புச் சட்டத்துல காவலாளிக்கு முதல் தகுதியே இந்தியக் குடிமகனா இருக்கணும்கறது. நீங்க ஃபாரினர். நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா சங்கம்தானே பதில் சொல்லணும்?"

படித்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு விதி எனக்கு எதிராகச் சரியாக மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. எங்கள் ஊரில் வாசலில் நிற்பவர் வெளிநாட்டுக்காரர் என்றால் விதிப்படி அவர் நேபாளியாக இருக்க வேண்டும். இங்கே வெளிநாட்டுக்காரரே ஆகாது. ஈப்போவிலேயே இருந்திருந்தால் எனக்கு இந்த வேலை கிடைத்திருக்கும்.

"நான் காவலாளி இல்லை" என்றேன். "நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் குடியிருப்பாளர்."

"குடியிருப்பாளரோட புருஷர்" என்று திருத்தினார் ரமணி.

அந்த வாரத்தில் ஒரு நாள் மதியம், தனம் மேலே போயிருந்தபோது, ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் வந்து நின்றார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் போன். கேஸ் குழாய் பதிக்கும் ஆட்கள் அப்போது தெருவில் வீடு வீடாக விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் என்று நினைத்தேன்.

"தண்ணி கனெக்‌ஷன்லாம் இருக்கா? பாத்ரூம் இருக்கா உங்களுக்கு?"

"எனக்கு மூன்றாம் மாடியில் இருக்கிறது" என்றேன்.

"ஒண்ணும் கஷ்டம் இல்லையே?"

"எனக்கு என்ன கஷ்டம்?"

அறையை ஒரு படம், பூட்டிய கதவை ஒரு படம், என்னை ஒரு படம் எடுத்தார். பிள்ளையாருக்கு ஹெல்மெட்டோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். சமையல் எரிவாயுவுக்கு என் படம் எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

7

ஈப்போவில் என் மகள் கவிதாவுக்கு இது தலைப்பிரசவம். இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்து, கழிப்பறை விஷயம் முடியட்டும் என்று நான் ஒருமுறை தள்ளிப்போட்டிருந்தேன். வீடியோவில் அழைத்தபோது நான் வாசலில் இருந்தேன்.

"அப்பா, பின்னால தெரியறது வாசல் கேட்டா? நீங்க அங்க ஜாகா வேலையா பாக்கறீங்க? மானம் போகுது லா."

"ஒரு அம்மாவுக்கு உதவி."

"நான் மகள் லா. எனக்கு யாரு உதவி?"

அவள் சொன்னது நியாயம். எங்கள் ஊர் 'லா'வோடு என்றாலும் தமிழில் பேசினாளே என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். கோபம் வந்தால் மட்டும்தான் அவளுக்குத் தமிழ் வருகிறது. மெல்பர்னில் இருக்கும் மகனுக்கு அதுவும் வருவதில்லை. அவன் கட்டைவிரல் படம் அனுப்புவான்.

நாங்கள் இருவரும் போய்விட்டால் மூன்றாம் மாடி பூட்டிக்கிடக்கும், நாற்காலிக்கும் மாற்று ஆள் இல்லை. இதைத் தனத்திடம் சொன்னபோது அவர் பேச்சை மாற்றினார். "பொண்ணு பிரசவம் சார், போவாம இருப்பியா? நான் பாத்துக்குறேன்." அன்று மாலையிலிருந்து பாட்டிலில் தண்ணீர் குறையவில்லை. அவர் மறுபடியும் தாகத்துக்குப் பழகத் தொடங்கிவிட்டார்.

பயணத்தன்று பெட்டிகள் மேலே தயாராக இருந்தன. தனம் மேலே போயிருந்தார். நான் கடைசி முறையாக நாற்காலியில். தபால்காரர் பதிவுத் தபாலோடு வந்தார். கை நீட்டினேன்.

"வாட்ச்மேன்லாம் கையெழுத்து போடக் கூடாதுப்பா. அந்தம்மாவக் கூப்டு."

மல்லிகா பயண உடையில் கீழே வந்து கையெழுத்துப் போட்டு உறையைப் பிரித்தாள். பின்னாலேயே தனமும் வந்துவிட்டார். மல்லிகா உரக்கப் படித்தாள். பொருள், பார்வை எல்லாம் முறையாக இருந்தது. கள ஆய்வு செய்ததில், அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின்படி காவலாளி அறையும் கழிப்பறையும் உள்ளன என்று கண்டறியப்பட்டதாம். பணியில் இருந்த காவலாளியை விசாரித்ததில், அவர் மூன்றாம் தளத்தில் உள்ள கழிப்பறையைப் பயன்படுத்திவருவதாகவும், தமக்குக் குறை ஏதும் இல்லை என்றும் தெரிவித்தாராம். எனவே கூடுதல் கழிப்பறைக்கான தேவை எழவில்லை. மனு முடித்துவைக்கப்படுகிறது. இணைப்பு: புகைப்படம்.

புகைப்படத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் நான், நிம்மதியாக.

முதலில் சிரித்தது தனம். வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரித்தார். "சார், கவர்மெண்டே எழுதிடுச்சு, நீதான் வாட்ச்மேனு. இனிமே லீவு வோணும்னா என்னாண்ட சொல்லிட்டுத்தான் போவணும்."

சிரிப்பு அடங்கியதும் அவர் பாட்டிலைப் பார்த்தார். மல்லிகா அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கவுண்டர்களில் பல வருஷம் நின்றவள் அவள். எந்தக் கோப்பு முடியும், எந்தக் கோப்பு முடியாது என்று என்னைவிட நன்றாகத் தெரியும்.

"ஏங்க, மேல்முறையீட்டுக்கு ஆள் வேணும்ல?"

"கையெழுத்து உன்னுடையதுதானே."

"வெத்துத் தாள்ல போட்டுட்டுப் போறேன். எழுதிக்குங்க. குழந்தை பொறக்கறதுக்குள்ள வந்து சேருங்க."

என் பெட்டி மேலேயே இருந்தது. அவள் பெட்டியை டாக்சியில் நானும் தனமும் ஏற்றினோம். கவிதாவிடம் என்ன சொல்வது என்று மல்லிகா ஜன்னல் வழியே கேட்டபோது, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லச் சொன்னேன். டாக்சி தெருமுனை திரும்பியதும் தனம் பாட்டிலைத் திறந்து, அண்ணாந்து, பாதிக்கு மேல் குடித்தார். மூன்றாம் மாடிச் சாவியை வாங்கிக்கொண்டு, போனை என்னிடம் கொடுத்துவிட்டு மேலே போனார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். வரும் கடிதம் எதுவானாலும் அதன் மூலையில் தேதி போடுவது பழைய அலுவலகப் பழக்கம். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதினேன்: வரப்பெற்றது, ஆகஸ்ட் இருபத்தெட்டு.